.308-ல் 150-ஆ, 165-ஆ, 180-ஆ? சிறு மான் முதல் மூஸ் வரை குண்டுத் தேர்வு

புதுத்தடம்:

வணக்கம் நண்பர்களே. துப்பாக்கி .308 வின்செஸ்டர், போல்ட் ஆக்‌ஷன், 22 அங்குல பேரல், ட்விஸ்ட் 1:12 (பேரலின் உட்புரி 12 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று). உரிமம், பருவ அனுமதி எல்லாம் முறைப்படி இருக்கிறது. பட்டியலில் இருப்பவை: 25 கிலோ அளவில் ரோ மான், 120 கிலோ வரை காட்டுப்பன்றி, 200 கிலோ தொடும் செம்மான். கடைசியாக ஒரு மூஸ் (மான் இனத்திலேயே பெரியது) வாய்ப்பும் இருக்கிறது. காட்டுக்குள் 50 முதல் 100 மீட்டர். திறந்தவெளியில் அதிகபட்சம் 250.

தோட்டாப் பெட்டியில் குண்டின் எடை 150, 165, 180 கிரெயின் என்று போட்டிருக்கிறது. சாஃப்ட் பாயின்ட் (ஈயமுனை), பாண்டட், பார்ட்டிஷன், முழுச் செம்பு என்று வகைகள் வேறு. "சின்ன விலங்குக்கு லேசான குண்டு, பெரிய விலங்குக்குக் கனமான குண்டு" என்பது மட்டும் போதுமா? ஒரே தோட்டாவை வைத்து எல்லாவற்றையும் சமாளிக்க முடியுமா?

குறிமுள்:

எடையைச் சற்று தள்ளி வையுங்கள். முதல் கேள்வி, குண்டு விலங்கின் மேல் படும்போது என்ன வேகத்தில் இருக்கும் என்பது. இரண்டாவது, அந்த வேகத்தில் அது விரியுமா, சிதறுமா, விரியாமலே துளைத்துப் போகுமா என்பது. இவை இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகுதான் எடை.

.308-ல் சாதாரண சாஃப்ட் பாயின்ட் தொழிற்சாலைத் தோட்டாக்களின் கணக்கைப் பாருங்கள். 150 கிரெயின், அதாவது 9.7 கிராம், குழல்வாயில் வினாடிக்கு 860 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 180 கிரெயின், 11.7 கிராம், 799-இல். வித்தியாசம் 61 மீட்டர். 183 மீட்டர் தூரத்தில் 150-க்கு 690, 180-க்கு 664. 274 மீட்டரில் 612-உம் 602-உம். 366 மீட்டரில் 541-உம் 543-உம். கிளம்பும்போது பின்தங்கியிருந்த கனமான குண்டு கடைசியில் எட்டிப் பிடித்துவிடுகிறது. காரணம் காற்றுத்தடை. ஒரே விட்டத்தில் எடை கூடினால் குண்டு நீளமாகிறது, வேகத்தை மெதுவாகத்தான் இழக்கிறது. (இவை 24 அங்குல சோதனை பேரல் எண்கள். உங்கள் 22 அங்குலத்தில் பத்து பதினைந்து மீட்டர் குறையும். பொருட்படுத்த வேண்டாம்.)

"தூரத்துக்கு லேசான குண்டுதான்" என்று பலர் சொல்வார்கள். உங்கள் 250 மீட்டருக்குள் பாதை வீழ்ச்சியில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நாலு விரல் அகலத்துக்குள் அடங்கிவிடும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. உண்மையான வித்தியாசம் 50 மீட்டரில்தான் இருக்கிறது. அங்கே 150 கிரெயின் 800-க்கு மேல் வேகத்தில் போய் மோதுகிறது. அந்த வேகத்தில் தோள் எலும்பில் பட்டால் மெல்லிய உறைக்குள் இருக்கும் ஈயம் சட்டென்று பிய்ந்துபோகும். மேலே பெரிய காயம், உள்ளே போக வேண்டிய ஆழத்துக்குக் குண்டே இல்லை. 180 அதே தூரத்தில் 760, 770 அளவில் மோதுவதால் உடல் குலையாமல் உள்ளே போகிறது.

கீழ் எல்லையையும் மறக்கக் கூடாது. சாதாரண ஈயமுனைக் குண்டு ஏறக்குறைய 550-க்குக் கீழே விரிய மறுக்கத் தொடங்கும். பென்சில் நுழைந்த மாதிரி ஒரு துளை போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும். விலங்கு வெகுதூரம் ஓடும்.

அடுத்து அமைப்பு. செம்பு உறைக்குள் ஈயம் ஊற்றிய சாதாரண வகைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ரெமிங்டன் கோர்-லாக்ட், ஹார்னடி இன்டர்லாக், வின்செஸ்டர் பவர்-பாயின்ட் எல்லாம் இந்தக் குடும்பம். சீக்கிரம் விரியும், விலை குறைவு, மான் வகைக்குப் போதும். எடையில் பாதியிலிருந்து எழுபது சதவீதம் வரை மிஞ்சும். இதே அமைப்பில் பிளாஸ்டிக் முனை வைத்தவை இன்னும் வேகமாக விரியும். அருகில் சுடும்போது அவைதான் அதிகம் சிதறுகின்றன.

பாண்டட் என்றால் உறையும் ஈயமும் பற்றவைத்தது போல ஒட்டியிருக்கும். நார்மா ஓரிக்ஸ், நோஸ்லர் அக்யூபாண்ட் போன்றவை. எலும்பில் பட்டாலும் உறை கழன்று போகாது. வகையைப் பொறுத்து 60 முதல் 90 சதவீதம் எடை மிஞ்சும்.

பார்ட்டிஷன் வகையில் நடுவே செம்புத் தடுப்பு ஒன்று குறுக்கே நிற்கும். முன்பாதி ஈயம் சிதறிவிடும். பின்பாதி தடுப்புக்குப் பின்னால் பத்திரமாக இருந்து ஆழமாகப் போகும். ஜான் நோஸ்லர் 1946-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு அப்பிய மூஸ் ஒன்றின் மீது .300 எச் அண்ட் எச் தோட்டாவால் சுட்டபோது குண்டுகள் மேலேயே உடைந்தன. அதற்கு விடையாகத்தான் இந்த அமைப்பை உருவாக்கினார். ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேம் இதே தடுப்போடு முன்பாதி ஈயத்தையும் ஒட்டவைத்தது. கடினமான விலங்குக்கு மிக நம்பகமானது.

முழுச் செம்பைப் பற்றி இங்கே என்னைவிட நன்றாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் பட்டியலுக்கு ஒரே தோட்டா என்றால் என் தேர்வு 165 கிரெயின் பாண்டட். மூஸ் உறுதியானால் 180. ரோ மானுக்கு மட்டும் போவதாக இருந்தால் 150 கிரெயின் சாதாரண சாஃப்ட் பாயின்ட் போதும்.

ஈட்டிமரம்:

குறிமுள் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் விலங்கு நிற்கும் கோணத்தைச் சேர்க்காமல் கணக்கு முழுமையாகாது.

200 கிலோ செம்மான் பக்கவாட்டில் நின்றால், முன்சப்பைக்குப் பின்னால் விலா வழியாகப் போகும் குண்டு கடக்க வேண்டியது தோல், மெல்லிய விலா எலும்பு, காற்று நிறைந்த நுரையீரல், மறுபக்க விலா. எளிய வேலை. 150 சாஃப்ட் பாயின்டே செய்துவிடும். அதே மான் உங்களைப் பார்த்தபடி சாய்வாக நின்றால் தோள் மூட்டு, தடித்த தசை, பிறகுதான் நுரையீரல். பின்பக்கம் காட்டிச் சாய்வாக நின்றால் கடைசி விலாவுக்குப் பக்கத்தில் நுழைந்து, வயிற்றுத் தீனிப்பையின் ஓரத்தை உரசிக்கொண்டு எதிர்ப்பக்கத் தோள் வரை போகணும். ஈரத்தீனி நிறைந்த வயிறு குண்டை நிறுத்துவதில் மணல் மூட்டைக்குச் சமம். ஒரே விலங்கு, ஒரே தூரம், ஆனால் குண்டுக்கு மூன்று வெவ்வேறு வேலைகள். எளிய கோணத்துக்கு மட்டும் பொருந்தும் குண்டை எடுத்துப் போனால், அந்தக் கோணம் அமையாதபோது சுடாமல் இருக்கும் கட்டுப்பாடும் கூட வேண்டும்.

பன்றியைத் தனியாகச் சொல்லணும். வளர்ந்த ஆண் பன்றியின் தோள்மேல் குருத்தெலும்பு போன்ற கெட்டித் தகடு இருக்கும். சில சென்டிமீட்டர் வரை தடிப்பு. அதன் மேல் மயிரும் காய்ந்த சேறும். மெல்லிய உறைக் குண்டு இங்கேயே விரிந்து வேகத்தை இழந்துவிடும். அடுத்த சிக்கல் கொழுப்பு. நுழைந்த துளையைக் கொழுப்பும் தோலும் நகர்ந்து அடைத்துவிடும், சொட்டு ரத்தம் வெளியே வராது. மறுபக்கம் வெளியேறும் துளை இருந்தால்தான் தடம் கிடைக்கும். அதுவும் கீழ்நோக்கி வெளியேறினால் இன்னும் நல்லது. ஆகவே பன்றிக்கு 165 அல்லது 180 பாண்டட். 150 சாதாரண வகையைப் பெரிய ஆண் பன்றியின் தோளில் வைக்க வேண்டாம்.

குறி வைக்கும் இடமும் மானைப் போல இல்லை. பன்றியின் இதயம் தாழ்வாக, முன்னங்கால்களுக்கு இடையே இருக்கிறது. நுரையீரலும் முன்னால் தள்ளியே இருக்கிறது. மானுக்கு வைப்பது போல தோளுக்குப் பின்னால் தள்ளி வைத்தால் ஈரலிலோ வயிற்றிலோ படும். முன்னங்காலின் நடுக்கோட்டிலேயே, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வையுங்கள். அப்படியென்றால் தோள் எலும்பும் தகடும் வழியில் வந்தே தீரும். கெட்டியான குண்டு வேண்டும் என்பது அதனால்தான்.

மூஸ் பெரியது, ஆனால் பன்றி போல முரடு இல்லை. விலா அகலமானது, எலும்பு தடித்தது. ஸ்வீடனின் விதி நல்ல அளவுகோல்: 100 மீட்டரில், குண்டு 9 கிராமாவது இருந்தால் 2700 ஜூல், 10 கிராமாவது இருந்தால் 2000 ஜூல். எடை கூடினால் ஆற்றலில் சலுகை தருகிறார்கள். ஆழமாகப் போவதற்கு எடை எவ்வளவு முக்கியம் என்பதை விதியே ஒப்புக்கொள்கிறது. ஜெர்மனியில் ரோ மானுக்கு 100 மீட்டரில் 1000 ஜூல். செம்மான், பன்றிக்குக் குறைந்தது 6.5 மி.மீ. விட்டமும் 2000 ஜூலும். .308 இவை எல்லாவற்றையும் தாராளமாகத் தாண்டுகிறது. ஆக உங்களிடம் ஆற்றல் பற்றாக்குறை கிடையாது. தப்பு நடந்தால் அது குண்டின் அமைப்பிலோ, குறி வைத்த இடத்திலோதான் நடக்கும்.

செம்புரி:

முழுச் செம்பு பற்றி. உங்கள் ட்விஸ்ட் 1:12 என்று சொல்லியிருப்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள்.

ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 8.96. அதே விட்டத்தில் அதே எடை வேண்டுமென்றால் செம்புக் குண்டு நீளமாகத்தான் இருக்கும். குண்டு நீண்டால் நிலையாகச் சுழல வேகமான ட்விஸ்ட் வேண்டும். எடையை வைத்து ட்விஸ்டைப் பார்ப்பது தவறு, பார்க்க வேண்டியது நீளம்.

தோராயக் கணக்குக்கு 1879-இல் கிரீன்ஹில் கொடுத்த சூத்திரம் இன்றும் உதவும். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால் ஒரு முழுச் சுற்றுக்குத் தேவையான நீளம் கிடைக்கும். குழல்வாய் வேகம் 850 மீட்டருக்கு மேல் என்றால் 150-க்குப் பதில் 180. இது ஈயக்கருக் குண்டுக்கான கணக்கு. செம்புக்கு விடையை 0.9-ஆல் பெருக்குங்கள். .308-க்கு விட்டம் 7.82 மி.மீ. 180-ஐ வைத்துப் போட்டால், 28 மி.மீ. நீளக் குண்டுக்கு ஏறத்தாழ 350 மி.மீ., 32-க்கு 310, 35-க்கு 283 வருகிறது. உங்கள் 1:12 என்பது 305 மி.மீ. அதாவது 28 மி.மீ. குண்டு தாராளம், 32 விளிம்பில் நிற்கிறது, 35 வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் முனை எடையே இல்லாதது, அளக்கும்போது அதை விட்டுவிடலாம்.

ஆகவே உங்கள் பேரலில் 130 கிரெயின் செம்பு பயமில்லாமல் ஓடும். 150 எடுப்பதற்கு முன் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கும் குறைந்தபட்ச ட்விஸ்டைப் பார்த்துவிட்டு, 100 மீட்டரில் தாளில் சுட்டுப் பாருங்கள். துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தால் குண்டு தள்ளாடுகிறது. அந்தப் பெட்டியை வேட்டைக்குக் கொண்டுபோகாதீர்கள். குளிர் கூடினால் காற்று அடர்த்தியாகும், விளிம்பில் நிற்கும் குண்டு இன்னும் மோசமாகும்.

130 லேசானதே என்று தோன்றும். செம்பு 95 சதவீதத்துக்கு மேல் எடையைத் தக்கவைக்கும். 130-இல் மிஞ்சுவது 123-க்கு மேல். 165 சாதாரண வகையில் எழுபது சதவீதம் மிஞ்சினாலும் 115-தான். உள்ளே போய்ச் சேரும் எடை செம்பில் குறைவதில்லை. பொதுவாக ஈயத்தில் நீங்கள் எடுக்கும் எடையிலிருந்து ஒரு படி இறங்கியே செம்பை எடுக்கலாம்: 165-க்குப் பதில் 150 அல்லது 130, 180-க்குப் பதில் 165. வேகம் கூடுவது செம்புக்கு நன்மை, சிதறல் பயம் இல்லை.

வேகம் செம்புக்கு ஏன் முக்கியம் என்றால், இதன் கீழ் எல்லை ஈயத்தைவிட உயரம். முனைக்குழி திறந்து இதழ்கள் பின்னால் மடங்க வேகம் தேவை. பல செம்புக் குண்டுகளுக்கு 600-ஐ ஒட்டிய வேகமே பாதுகாப்பான எல்லை. நீண்ட தூரத்துக்கென்று மென்மையாக்கிய சில வகைகள் அதற்கும் கீழே வேலை செய்யும். தயாரிப்பாளர் தரும் எண்ணைத்தான் நம்பணும். கனமான செம்பை எடுத்து மெதுவாக அனுப்பி, 250 மீட்டரில் 600-க்குக் கீழே போய்ப் படவைப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. இதழ் திறக்காத செம்பும் பென்சில் துளையும் ஒன்றுதான்.

நீங்களே தோட்டா நிரப்புபவராக இருந்தால் ஈயக் குண்டுக்கான வெடிமருந்தளவைச் செம்புக்குப் போடவே கூடாது. நீளமான குண்டு தோட்டாக் கூட்டின் உள்ளிடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அழுத்தம் ஏறும். அந்தந்தக் குண்டுக்கான அட்டவணையில் குறைந்தபட்ச அளவிலிருந்து தொடங்குங்கள். பார்ன்ஸ் நிறுவனத்தின் செம்புக் குண்டுகளைப் பேரலின் புரி தொடங்கும் இடத்திலிருந்து 0.050 அங்குலம், அதாவது 1.27 மி.மீ. தள்ளி அமர்த்தித் தொடங்கினால் குழு (தாளில் விழும் துளைகளின் கூட்டம்) நன்றாக நெருங்கும். செம்புக்கு மாறும் முன் பேரலில் ஒட்டியிருக்கும் பழைய படிவை முழுக்க எடுத்துவிடுங்கள். அதைச் செய்யாமல் "செம்பு என் துப்பாக்கிக்கு ஒத்துவரவில்லை" என்று விட்டவர்கள் நிறைய.

புதுத்தடம்:

மிக்க நன்றி, இவ்வளவு தெளிவாக எங்கேயும் கிடைக்கவில்லை. இன்னும் இரண்டு கேள்விகள். ஒன்று, 25 கிலோ ரோ மானில் 150 கிரெயின் வேகமாகப் பட்டால் இறைச்சி பாதி வீணாகாதா? இரண்டு, இறைச்சி கெடாமல் இருக்க முழு உறை போட்ட பயிற்சிக் குண்டைப் பயன்படுத்தலாம் என்று ஒருவர் சொல்கிறார். சரியா?

மலைச்சாரல்:

இரண்டாவதற்கு முதலில் பதில்: கூடவே கூடாது. முழு உறைக் குண்டு விரியாது. சிறு மானின் நெஞ்சு ஒரு சாண் அகலம். அதற்குள் சிறு துளை போட்டுவிட்டு வெளியே போய்விடும். சில சமயம் உள்ளே குப்புறக் கவிழ்ந்து திசை மாறும், எங்கே போகும் என்று சொல்ல முடியாது. மான் கிலோமீட்டர் கணக்கில் ஓடி எங்கோ வதைபட்டுச் சாகும். இறைச்சியும் கிடைக்காது. பல நாடுகளில் மானுக்கு விரியும் குண்டைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. போட்டிக்கான ஹாலோ பாயின்ட் குண்டுகளையும் இதே கணக்கில் சேருங்கள். அவற்றின் முனையில் இருக்கும் ஓட்டை, உறையைப் பின்பக்கமிருந்து உருவாக்குவதால் வருவது. விரிவதற்காக வைத்ததல்ல. சில சமயம் வெடித்துச் சிதறும், சில சமயம் ஊசி போலப் போகும்.

இறைச்சி பற்றி. இங்கே குறிமுள் சொன்ன 150-இல் எனக்கு உடன்பாடில்லை. ரத்தம் கட்டி வீணாகும் இறைச்சிக்குக் காரணம் மோதும் வேகம். அதோடு மென்மையான முனை சேர்ந்தால் இன்னும் மோசம். 60 மீட்டரில் 800 வேகத்தில் மெல்லிய உறை 150 பட்டால் இரண்டு முன்சப்பையும் போகும். அதே இடத்தில் 180 கிரெயின் உருண்டைமுனை சாஃப்ட் பாயின்ட் மெதுவாகப் பட்டு, நிதானமாக விரிந்து, வெளியேறும். காயம் சிறியது, மான் விழுவது அதே வேகத்தில். பாண்டட் 180 மட்டும் வேண்டாம். 25 கிலோ உடலில் அது விரிய ஆரம்பிப்பதற்குள் மறுபக்கம் வந்துவிடும்.

எந்தக் குண்டானாலும் தோள் எலும்பைத் தவிர்த்து விலாவில் வைத்தால் இறைச்சி பிழைக்கும். எலும்புச் சில்லுகளே இரண்டாம் குண்டுகள் போலத் தசைக்குள் பாய்கின்றன.

ஈயக் குண்டு என்றால் வெட்டும்போது கவனம் தேவை. கண்ணுக்குத் தெரியாத ஈயத் துகள்கள் காயத் தடத்தைத் தாண்டி வெகுதூரம் சிதறியிருப்பதை எக்ஸ்ரே படங்கள் காட்டுகின்றன. ரத்தம் கட்டிய பகுதியோடு அதைச் சுற்றிலும் ஒரு சாண் தாராளமாக வெட்டி எறியுங்கள். கழுவினால் துகள் பரவும், போகாது. சிறு குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீடென்றால் செம்புக்கே போய்விடுங்கள். குடலையும் வெட்டிய கழிவையும் காட்டில் விட்டால் அதைத் தின்னும் கழுகுகளுக்கு ஈயம் நஞ்சு. கலிஃபோர்னியா 2019 ஜூலை 1 முதல் துப்பாக்கி வேட்டை முழுவதிலும் ஈயக் குண்டைத் தடை செய்ததற்கு அங்கே இருக்கும் காண்டோர் கழுகுகளும் முக்கியக் காரணம்.

குறிமுள்:

மலைச்சாரல் சொல்வது சரி. அருகில், காட்டுக்குள் என்றால் மெதுவான 180 சாஃப்ட் பாயின்ட் நல்லது. நான் 150-ஐத் திறந்தவெளித் தூரத்தை மனதில் வைத்துச் சொன்னேன், அங்கே வேகம் 700-க்கு இறங்கியிருக்கும். இதைத் தெளிவாக எழுதியிருக்கணும்.

கரிசல்வெளி:

இடையில் ஒரு சந்தேகம். 6.5×55 என்ற தோட்டாவில் 140, 156 கிரெயின் குண்டை வைத்தே மூஸை வீழ்த்துகிறார்களே. .308-க்கு 180 வேண்டும் என்றால் அங்கே 140 எப்படிப் போதும்?

ஈட்டிமரம்:

எடையை மட்டும் பார்த்தால் வரும் குழப்பம் இது. பார்க்க வேண்டியது குறுக்கடர்த்தி: குண்டின் எடையைப் பவுண்டில் எடுத்து, விட்டத்தை அங்குலத்தில் எடுத்து அதன் வர்க்கத்தால் வகுப்பது. 7000 கிரெயின் ஒரு பவுண்டு. .308-ல் 150-க்கு 0.226, 165-க்கு 0.248, 180-க்கு 0.271, 220-க்கு 0.331. 6.5-இல் விட்டம் 0.264 அங்குலம்தான், அதனால் 140-க்கே 0.287 வந்துவிடுகிறது. மெல்லிய குண்டுக்குப் பின்னால் அவ்வளவு எடை தள்ளுகிறது, அதனால் ஆழம். 156 கிரெயின் என்பது 10.1 கிராம். ஸ்வீடன் விதியின் 10 கிராம் பிரிவுக்குள் கச்சிதமாக உட்காருகிறது. மூஸுக்கு அங்கே இது பழகிப்போன எடை.

ஒரே மாதிரி விரியும் இரண்டு குண்டுகளை ஒப்பிடும்போது மட்டுமே இந்த எண் செல்லும். 0.226 உள்ள செம்புக் குண்டு 0.271 உள்ள மென்முனையைவிட ஆழமாகப் போகும். குண்டு விரிந்தவுடன் விட்டம் மாறிவிடுகிறது, பெட்டியில் போட்டிருந்த எண்ணும் அதோடு காலாவதி.

இதன் எதிர் எல்லை வால்டர் பெல். 7×57 தோட்டாவில் 173 கிரெயின் விரியாத குண்டால், குறுக்கடர்த்தி 0.306, யானைகளைச் சுட்டவர். விரியாத நீளக் குண்டு எவ்வளவு ஆழம் போகும் என்பதற்கு அது சான்று. பின்பற்ற வேண்டிய வழி அல்ல. ஆப்பிரிக்கக் காட்டெருமை போன்றவற்றுக்கு .375 எச் அண்ட் எச், 300 கிரெயின், 0.305 என்பதுதான் நெடுநாளாக நிலைத்த தொடக்கம். முதல் குண்டு ஏ-ஃப்ரேம் போன்ற கெட்டியான விரியும் வகை. மந்தையில் நிற்கும் எருமையை விரியாத குண்டால் முதலில் சுட்டால், அது கடந்துபோய்ப் பின்னால் நிற்பதையும் காயப்படுத்தும். விரியாத குண்டு அடுத்தடுத்த வெடிகளுக்கு. அதிலும் தட்டைமுனை உள்ளதை எடுங்கள். உருண்டைமுனையைவிட நேர்கோட்டில் போகும்.

இன்னொன்று, கனமான குண்டு புதரைக் கிழித்துக்கொண்டு நேராகப் போகும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். சுள்ளியில் பட்டால் எந்தக் குண்டும் திசை மாறும். இடைவெளி கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

புதுத்தடம்:

165 பாண்டட் ஒரே தோட்டாவாக எடுக்கிறேன். மூஸ் அனுமதி வந்தால் 180 பார்ட்டிஷன். வாங்கிய குண்டு சொன்னபடி வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க வழி உண்டா?

செம்புரி:

உண்டு. 4 லிட்டர் பிளாஸ்டிக் கேன்கள் ஏழு எட்டை விளிம்பு வரை நீர் நிரப்பி, ஒன்றையொன்று தொட்டபடி வரிசையாக வையுங்கள். பின்னால் உயரமான மண்மேடு கட்டாயம். நீங்கள் உண்மையில் சுடப்போகும் தூரத்திலிருந்தே சுடுங்கள்: ஒருமுறை 50 மீட்டரில், ஒருமுறை 250-இல். அருகில் நன்றாக விரிவதை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதிச் சோதனைதான்.

கேனில் நிற்கும் குண்டை எடுத்துக் கழுவி, கிரெயின் தராசில் நிறுத்து, மிஞ்சிய சதவீதத்தைக் கணக்கிடுங்கள். விரிந்த தலையை வெர்னியரில் குறுக்கும் நெடுக்குமாக அளந்து சராசரி எடுங்கள். 7.82 மி.மீ. குண்டு 14 முதல் 16 மி.மீ. வரை விரிந்திருந்தால் நல்ல விரிவு. 250 மீட்டரில் 11-ஐத் தாண்டவில்லை என்றால் அந்தத் தூரம் அந்தக் குண்டுக்கு எட்டாது. உறை தனி, ஈயம் தனி என்று இரண்டு கேனில் கிடைத்தால் பன்றிக்கு அது வேண்டாம்.

நீர் தசையைவிடக் கடுமையானது, குண்டைச் சீக்கிரம் விரிய வைத்துவிடும். அதனால் நீரில் விரியாதது விலங்கிலும் விரியாது என்று துணிந்து சொல்லலாம். நீரில் விரிந்தது விலங்கில் அதே அளவு விரியும் என்று சொல்ல முடியாது. இரவு முழுக்க ஊறிய செய்தித்தாள் கட்டு இன்னும் கடினமான சோதனை. ஆழத்தை ஒப்பிட அதுவே மேல்.

180-க்கு மாறும்போது ஸ்கோப்பின் ஜீரோவை (குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி செய்த அமைப்பை) மறுபடி சரிபார்க்காமல் காட்டுக்குள் போகாதீர்கள். எடை மாறினால் படும் இடம் கீழே மட்டும் நகர்வதில்லை, பக்கவாட்டிலும் நகரும். அமைப்பு மாறினாலும் அப்படியே. மூன்று வெடி கொண்ட இரண்டு குழு, ஒவ்வொன்றும் பேரல் ஆறிய பிறகு. அந்தப் பெட்டியின் தொகுதி எண்ணைக் குறித்துவைத்து, பருவம் முழுவதற்கும் போதுமான அதே தொகுதித் தோட்டாக்களை ஒன்றாக வாங்கிக்கொள்ளுங்கள்.